அட்லாண்டிக் நடுவில் ஒரு கிரிவலம்

ஊர் சுற்ற மறுக்கும் மனிதரைக் கிளப்புவதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. அவர் அதை அப்படியே நம்பிவிடுவார்.

சில வருஷங்களுக்கு முன் என் கணவருக்கு லிஸ்பனில் வேலை. அங்கிருந்து அசோர்ஸ் தீவுகளுக்குப் போக நான் திட்டம் போட்டேன். கடல் நடுவே எரிமலைகள் கக்கிப்போட்ட தீவுக்கூட்டம். திமிங்கல வேட்டைக்காரர்களின் பழைய ஊர்கள், கருங்கல் சுவர் வைத்த திராட்சைத் தோட்டங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது தீவில் கடலைப் பார்த்த ஒரு கல் வீடு. ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் இடம் கிடைத்தது. அதன் படத்தைத் தினமும் எடுத்துப் பார்த்து ஏங்குவேன். (கணவரை அப்படிப் பார்த்ததில்லை.)

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையிலிருந்து வந்திருந்த மாமனார் மட்டும் வர மறுத்தார். "பௌர்ணமி வருதும்மா. மலையத்தான் சுத்த முடியல, வீட்லயே கும்பிட்டுக்கினு இருக்கேன்."

நான்தான் பெரிய சாமர்த்தியசாலி ஆயிற்றே. "அங்கயும் நெருப்பு மலைதாங்க மாமா. அதையே சுத்திக்கலாம்" என்றேன். உடனே எழுந்துபோய் விபூதிப் பையைப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

முதல் தீவில், கடைசிப் படகைப் பிடிக்கும் முன் ஒரு சின்ன எரிமலைக் குன்றைப் பார்க்க இறங்கினோம். அதைச் சுற்றி நடைபாதை. மாமனார் செருப்பைக் கழற்றினார்.

"கல்லு குத்தும் மாமா. நேரமும் இல்லீங்க."

"நீதானம்மா சொன்ன?"

அதோடு விட்டாரா? அம்புக்குறிக்கு நேர் எதிராக நடக்க ஆரம்பித்தார். "மலை வலது கைப் பக்கம் இருக்கணும். இவங்க தப்பா போட்டு வச்சிருக்காங்க." எதிரே வந்தவர்கள் எல்லோரும் கையை ஆட்டிச் சரியான வழி காட்டினார்கள். இவர் பதிலுக்குக் கும்பிட்டார். கிரிவலம் என்றால் திசைக்கு ஒரு லிங்கம் வேண்டுமே, கண்ணில் பட்ட கருங்கல்லுக்கெல்லாம் விபூதி பூசினார். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நெற்றியை நீட்டி வாங்கிக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"திரும்பிடலாங்க மாமா, படகு போயிடும்."

"கிரிவலத்துல பாதில திரும்புவாங்களாம்மா?"

ஆதரவுக்குக் கணவரைப் பார்த்தேன். அவர் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

துறைக்கு நாங்கள் வந்தபோது படகு கடலில் சின்னதாகத் தெரிந்தது. அதற்கும் அந்தப் பக்கம் என் கல் வீடு. எங்களுக்குக் கிடைத்தது சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மாமனார் பாதத்தைத் தடவிக்கொண்டே, "கூட்டம் கம்மி. நிம்மதியா சுத்தனோம்" என்றார். நான் வாயைத் திறந்திருந்தால் குடும்பம் உடைந்திருக்கும்.

இப்போது திருவண்ணாமலைக்கே வந்துவிட்டோம். அறை போட நான் போனை எடுத்தால் போதும், வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் கேட்கிறார்கள்: "அங்க மலை இருக்கா?" போன விடுமுறைக்குத் தட்டையான ஊராகத் தேடித்தேடி, ராமேஸ்வரத்தில் கடலைப் பார்த்த அறை எடுத்தேன். ரயில் கிளம்பியதும் மாமனார் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா கவிதா, அங்க கந்தமாதன பர்வதம்னு ஒண்ணு இருக்குதாமே?"