ஒஸ்தா மாமாவுக்கு வந்த கோபம்

"பரீட்சை உங்களுக்கு எதைப் போல இருக்கிறது?" என்று ஆசிரியப் பயிற்சியில் ஒருமுறை கேட்டபோது, ஜுனைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வரிசைக்கு நழுவினாள். அந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. ஆசிரியையாகி வந்த முதல் வருடமே அதைப் பத்தாம் வகுப்பின் தலையில் இறக்கி வைத்தாள்.

"வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானையார் போல, டீச்சர்" என்றாள் உம்மு. "தண்ணியில்லாம வெள்ளாமை கருகக்குள்ள ஆளக் காணக் கிடைக்காது. நெல்லுச் சூடு மிதிக்கக்குள்ள மட்டும் பங்கு கேட்டுக் களத்தில வந்து நிப்பாரு."

"மாப்பிள்ளை கேட்டுப் போற மாதிரி" என்றாள் முனவ்வறா. "புள்ள ஓதினதா, சமைப்பாளா எண்டு கேப்பாங்கண்டு நாம பாடமாக்கிட்டுப் போவம். அவங்க, சீதன வீட்டுல எத்தினை அறை எண்டு கேப்பாங்க."

கடைசி வாங்கில் றவூப் எழும்பினான். "சுன்னத்து வைக்கிற ஒஸ்தா மாமா போல, டீச்சர். 'மேல பாரு மனே, கொக்குப் பறக்குது' எண்டுவாரு. நாம கொக்கத் தேடக்குள்ள கீழ கத்தி வேலை முடிஞ்சிரிக்கும்."

வகுப்பு சிரித்த சிரிப்பில் அதிபர் மீராமுகைதீன் பிரம்போடு ஓடிவந்தார்.

"பரீட்சையப் பழிக்கயா படிப்பிக்கிறீங்க? நாளையிலிருந்து பரீட்சை தேன் போன்றது. அவ்வளவுதான்!"

மறுநாள் காலை பள்ளிக்கூடமே அப்படிக் கத்தியது. அதிபர் பூரித்துப்போய், முன்வரிசைச் சின்னப் பிள்ளையிடம், "ஏன் தேன் போன்றது?" என்று கேட்டார்.

"எடுக்கப் போனா மூஞ்சி வீங்கும், சேர்."

பின்னேரம் அதைவிடப் பெரிய செய்தி வந்தது. றவூபின் கதை சந்தைவரை போய், ஒஸ்தா மீராசாஹிபு கொதித்துக்கொண்டிருக்கிறாராம். அவர் லேசுப்பட்ட ஆளில்லை. ஜப்பான் சாமான் இறங்கத் தொடங்கியதும் ஊருக்குள் வந்த முதல் மோட்டார்சைக்கிள் அவருடையது. அந்தச் சத்தம் கேட்டால் நரைத்த ஆண்கள்கூடச் சாறனை இறுக்கிப் பிடிப்பார்கள். அதிபரும்தான்.

"அவர்ர கோவம் தீரல்லண்டா, ஒங்கட வேலையை உறுதிப்படுத்த மாட்டன்" என்றார் அதிபர். "காட்டுப் பக்கம் மாத்தச் செல்லி எழுதிருவன்."

ஜுனைதாவின் வாப்பா மவுத்தாகிப் போனவர். வீட்டு அடுப்பு அவளுடைய சம்பளத்தில்தான் எரிந்தது. அன்றைக்கே ஒரு சீப்பு கதலிப்பழத்தோடு ஒஸ்தா வீட்டுக்குப் போனாள்.

"மாமா, புள்ளைகள் ஒங்களப் பழிக்கல்ல. பரீட்சையத்தான் பழிச்சாங்க."

"அதுதான் புள்ள எனக்குக் கோவம்!" என்று மீராசாஹிபு கதவைச் சாத்தினார். பழம் உள்ளே போய்விட்டது. மன்னிப்பு வெளியே வரவில்லை.

"ஒங்களுக்கு மன்னிப்புக் கேக்கவும் தெரியாது" என்ற அதிபர், காரியத்தைத் தன் கையில் எடுத்தார். பெற்றார் கூட்டம் கூட்டினார். ஒஸ்தாவை முன்வரிசையில் இருத்தி மாலை போட்டார். இடமாற்றக் கடிதத்தை மேசையில் தயாராக வைத்துக்கொண்டார். ஒஸ்தாவின் முகம் மலராவிட்டால் அங்கேயே கையெழுத்து. ஜுனைதா கதவோரம் நின்று கலிமாவை முணுமுணுத்தாள்.

"பெரியோர்களே!" என்று தொடங்கினார் அதிபர். "நான் ஆழ்ந்து சிந்தித்தேன். மாணவன் சொன்னது முற்றிலும் உண்மை. ஒஸ்தா மாமாவும் எமது பரீட்சையும் ஒன்றே! இரண்டும் வலிக்கும். இரண்டும் மனிதனாக்கும். இதைவிட மரியாதை அவருக்கு வேறென்ன வேண்டும்?"

கைதட்டல் அடங்குமுன் மீராசாஹிபு மாலையைக் கழற்றிக் கதிரையில் எறிந்தார்.

"டீச்சரில எனக்குக் கோவமில்ல. றவூப் சின்னப் புள்ள, அவனிலயுமில்ல. படிச்ச மனிசன், நீங்களுமா சேர் திரும்பத் திரும்ப என்ன ஒங்கட பரீட்சையோட சேக்கிற? என்ட கைக்கு வந்த ஒருத்தனும் இதுவரைக்கும் பெயிலில்ல. ஒங்கட கையில போன வருசம் பாஸ் பண்ணின ஒருத்தன்ட வாப்பாவ எழும்பச் செல்லுங்க, பாப்பம்!"

ஒருவரும் எழும்பவில்லை.

அதிபர் மேசையிலிருந்த கடிதத்தை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் திணித்தார். பிறகு மேடையைவிட்டு இறங்கிப் போனார்.