ஹாலில் நின்ற இருபத்தேழு கியர்

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான். ஆனால் அந்தச் சக்கரத்தைத் தேயாமல் காப்பாற்றும் பொறுப்பு கடைசியில் யாரிடம் வந்து சேர்ந்தது என்று கேட்டால், சிட்லபாக்கம் ஏரிக்கரைத் தெரு, முதல் மாடி, திரு. தட்சிணாமூர்த்தி என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

அவரிடம் இருந்தது சாதாரண சைக்கிள் அல்ல, மலையேறும் சைக்கிள். இருபத்தேழு கியர். சிட்லபாக்கத்தில் ஏது மலை என்று சிறுமதியாளர்கள் கேட்பார்கள். தெருமுனையில் வேகத்தடை இருக்கிறதே, அது ஏற்றம் இல்லையா?

நான்கு வருடமாக அவர் அதை ஓட்டவில்லை, 'மேம்படுத்தி'க்கொண்டிருந்தார். ஹாலில் இருந்த சோபாவைப் பால்கனிக்கு நாடு கடத்திவிட்டு, அந்த இடத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றினார். நீளநோட்டில் கோடு போட்டு 'பராமரிப்புப் பதிவேடு' திறந்தார். தேதி, பழுது, மாற்ற வேண்டிய பாகம், கையொப்பம், மேலொப்பம். ஒப்பங்கள் இரண்டும் அவருடையவையே. முதலில் செயின் மாறியது. புதுச் செயினோடு பழைய பல்சக்கரம் ஒத்துப்போகவில்லை என்று அதுவும் மாறியது. அதற்கேற்ற கியர், அதற்கேற்ற வீல், டிஸ்க் பிரேக், ஹேண்டில்பார், சீட் என்று போய், கடைசியில் பிரேமே மாறியது. கழற்றியதையெல்லாம் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் சிட்டிபாபுவுக்குக் கொடையாக வழங்கினார்.

"இத்த வச்சிகினு நான் இன்னா சார் பண்றது?"

"துணி பறக்காம மேல வையேன்ப்பா!"

இப்படி நிர்வாகம் சீராக நடந்துகொண்டிருந்தபோதுதான் மனைவி கனகவல்லி இறுதி எச்சரிக்கை விடுத்தாள். அவள் கணக்கு டீச்சர், சொன்னால் சொன்னதுதான்.

"நீங்க வாங்கின சைக்கிள் ஞாயித்துக்கிழமை திருநீர்மலைக்குப் போயிட்டு, பெருமாள் கோயில் துளசியோட திரும்பி வரணும். வந்தா ஹால்ல இருக்கட்டும். இல்லேன்னா சோபா உள்ள வரும், சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குப் போகும்."

தட்சிணாமூர்த்தி சைக்கிளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். நான்கு வருட உழைப்பாயிற்றே! சனிக்கிழமை முழுக்க அவசர ஆய்வு நடத்தினார். பிரேக்கைப் பிடித்தால் கீச்சென்று கத்தியது. கத்துகிற பொருளுக்கு எண்ணெய் விடுவது, கதவுக் கீல் முதல் ஊஞ்சல் கொக்கி வரை நம் வீடுகளில் அமலில் உள்ள நடைமுறை. டிஸ்க்கின் இரு பக்கமும் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் பூசினார். சத்தம் அடங்கியது. 'குறை தீர்க்கப்பட்டது' என்று எழுதி இரண்டு ஒப்பமும் இட்டார்.

ஞாயிறு காலை ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் சகிதமாகப் புறப்பட்டார். வேகத்தடையை வெற்றிகரமாக ஏறிக் கடந்தார். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினார். கை வலித்ததே தவிர வண்டி நிற்கவில்லை. சின்னக் கீச்சுக்கூட இல்லாமல், பரம சாந்தமாக, சிட்டிபாபுவின் துணி மூட்டைக்குள் போய்ப் புகுந்தது.

"ஐயய்யோ, அடிகிடி பட்டுச்சா சார்?" சிட்டிபாபு அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு, டிஸ்க்கைத் தொட்டு மோந்து பார்த்தார். "இன்னா சார், பிரேக்குக்குப் போயி தேங்காண்ண தடவிகீறீங்க? அது தல வாரிகினு கல்யாணத்துக்கா போவப்போவுது?"

"அதை விடுப்பா. எனக்கு இப்ப திருநீர்மலை துளசி வேணும். என் மானமே அதுலதான் இருக்கு."

"அவ்ளோதானா? தோ, போய்கினு வந்துர்றேன். துணியப் பாத்துக்கங்க."

இஸ்திரி வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு சிட்டிபாபு பறந்தார். தட்சிணாமூர்த்தி அதைக் கவனிக்கவில்லை. தம் சைக்கிளில் விழுந்த கீறலைத் தடவித் தடவி மனம் நொந்துகொண்டிருந்தார். ஒன்றேகால் மணி நேரத்தில் துளசி வந்தது. பெரிதாக மூச்சுகூட வாங்காமல் சிட்டிபாபு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

தட்சிணாமூர்த்தி மாடியேறி, துளசியை மனைவியிடம் நீட்டினார். "ஏத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான். சமாளிச்சுட்டேன்."

கனகவல்லி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பால்கனியில சோபாவப் போட்டது நீங்கதானே? அங்க உக்காந்தா தெருமுனை நல்லாவே தெரியுது."

அவர் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஆனா நான் பேச்சு மாறமாட்டேன். நீங்க வாங்கின சைக்கிள் திருநீர்மலைக்குப் போயிட்டு வந்தது நெஜம். நீங்க கழட்டிக் குடுத்ததையெல்லாம் சேத்து மாட்டி, சிட்டிபாபு தெனம் அதுலதான் கீழ்க்கட்டளையிலேருந்து வர்றாரு. நம்ம பொண்ணு ஜெயஸ்ரீ ஒட்டின பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கூட பிரேம்ல அப்படியே இருக்கு. அதுக்கு இந்த ஹால்ல இடம் உண்டு. ஆனா அது வராது, அதுக்கு வேலை இருக்கு. சோபாவ ஒரு பக்கம் புடிங்க."

பெரிய நிர்வாகிகள் இதற்கெல்லாம் அசரமாட்டார்கள். பழைய பாகங்களே மலைக்குப் போய்வந்தன என்றால், புதியவற்றில் ஏதோ ஒன்று கோளாறு என்ற முடிவுக்கு அவர் வந்தார். எது என்று கண்டறியப் பதிவேட்டைப் பிரித்தார்.

கனகவல்லி பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினாள். 'மாற்ற வேண்டிய பாகம்' என்ற கட்டத்தில், 'சீட்டுக்கு மேலே உட்காருவது' என்று எழுதி, மேலொப்பமும் இட்டாள்.