ரமணிக்குள் ஒளிந்திருந்த மரணி

“முதல் எழுத்தையும் ரெண்டாம் எழுத்தையும் இடம் மாத்தினா என்ன வருது? மரணி! செத்துப்போ எண்டு கட்டளை. அப்பிடியொரு பேரை வீட்டுக்குள்ளை எடுக்கேலுமே?”

“மாமி, அது என்ரை பேர்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன், பிள்ளை. மரணியைக் கட்டினா என்ரை மகன்ரை கதி?”

ஒஸ்லோவின் ஹவுகெட்டோ ரயில் நிலையத்திலிருந்து மண்டபம் வரை நீண்ட வரிசையில் நின்றபடி கமலேஸ்வரி இப்படிக் கேட்டார். கேட்கப்பட்ட ரமணி, அவருடைய மகன் மகேசனைக் கட்டப்போகிறவள். பங்குனியில் லோறென்ஸ்கூக்கில் கல்யாணம். அது நடக்காது என்றுதான் இப்போது பேச்சு. மகேசனும் பக்கத்தில் நின்றான். அவன் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பனி அவ்வளவு சுவாரசியமாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டின் அந்தக் குளிர்காலத்தில் ஒஸ்லோத் தமிழரின் தலைவிதி ‘அட்சர சித்தர்’ அருளின் கையில் இருந்தது. ஒவ்வொரு பெயருக்குள்ளும் இன்னொரு சொல் ஒளிந்திருக்கிறதாம். அதுதான் விதியாம். “நீங்கள் வாழுற நகரத்தைக் கலைச்சு அடுக்குங்கோ. நரகம்!” என்றார் முதல் நாளே. உறைபனியில் மூன்று பஸ் மாறி வந்த சனம் உடனே நம்பியது.

சித்தர் பெயரைக் கேட்பார். திரைக்குப் பின்னால் போவார். உள்ளே ‘க்ர்ர்ர்’ என்று ஓர் ஒலி எழும். ஓங்காரம் என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு சித்தர் ஒரு கெட்ட சொல்லோடு வெளியே வருவார். நல்ல பெயர் தனியாக விற்பனைக்கு உண்டு. போன கிழமை கமலேஸ்வரி கேட்டதற்கு வந்த சொல்தான் மரணி; இன்று நல்ல பெயர் வாங்க வந்திருந்தார்கள்.

ரமணிக்கு அந்த ஓங்காரம் பழக்கமானது. அவளுடைய அலுவலகத்திலும் கடதாசி சிக்கும்போது அது எழும்.

அவர்களுடைய முறை வந்தது. “தங்கச்சிக்கு வேறை பேர் பாத்துத் தாறன்,” என்று சித்தர் திரைக்குள் போனார். ஓங்காரம் தொடங்கியது. சுவரோரமாகத் திரைக்குள் ஓடிய வயரை ரமணி பிடுங்கினாள். ஓங்காரம் நின்றது.

“அம்பாள் மௌனமாகிட்டா,” என்றபடி சித்தர் வந்தார்.

செருகினாள். அம்பாள் பேசினாள். பிடுங்கினாள். மௌனம்.

“அம்பாளுக்கும் கறண்ட் வேணும்போல கிடக்கு,” என்றார் வரிசையில் ஒருவர், பக்தியோடு.

ரமணி திரையை விலக்கினாள். ஒரு பிரிண்டர். ஒரு மடிக்கணினி. அதற்குள் தமிழுக்கொன்றும் நோர்வே மொழியான நோர்ஸ்குக்கொன்றுமாக இரண்டு பெரிய சொற்பட்டியல்கள்.

“இது பத்து வரி புரோகிராம். ஒவ்வொரு சொல்லின்ரை எழுத்தையும் அகரவரிசையிலை அடுக்குது. ரமணியை அடுக்கினாலும் மரணியை அடுக்கினாலும் ஒண்டுதான் வரும். அப்பிடி ஒண்டா வாறதுகளைச் சோடி சேர்க்குது. அவ்வளவுதான். இப்ப பாஸ்போட்டிலை இருக்கிற மாதிரி அடிக்கிறன்.”

Ramani என்று தட்டினாள். marina என்று வந்தது.

“படகுத்துறை!” என்றான் மகேசன். அன்று அவன் பேசிய முதல் சொல்.

“தமிழிலை சாவு, நோர்ஸ்கிலை படகுத்துறை. யமன் எந்த எழுத்து வாசிப்பார், சித்தரே?”

“ரெண்டும் வாசிப்பார்,” என்றார் சித்தர். வேறு என்ன சொல்வார்?

“அப்ப உங்கடை பேரையும் வாசிக்கட்டும்.” Arul என்று தட்டினாள். lura என்று வந்தது. ஏமாற்றுதல். அகராதி ஒருவருக்கும் தேவைப்படவில்லை. சித்தர் மேலங்கியைக்கூட மறந்து நிலையத்துக்கு ஓடினார்.

மண்டபமே வாசல் பக்கம் திரும்பியது. பிறகு ஒரு குரல்: “பாத்தியளே, அவன்ரை பேருக்குள்ளையே இருந்திருக்கு! சாத்திரம் பொய்யில்லை!”

“ஐயோ, இதுவும் தற்செயல்தான்! அருள் எண்ட பேரிலை எத்தினை நல்ல மனுசர் இருக்கினம்!” என்று ரமணி கத்தினாள். யார் கேட்டார்கள்? வரிசை திரும்பி அவளுக்கு முன்னால் நின்றது. முதல் ஆள் கமலேஸ்வரி.

“பிள்ளை, உமக்கு சித்தரை விட சக்தி கூட. பங்குனியிலையே கல்யாணத்தை வைப்பம். என்ரை பேரையும் ஒருக்கா போட்டுப் பாருமன்.”

ரமணி மடிக்கணினியை மூடினாள்.

“மாமி, ஒரேயொரு உதவி. இந்தக் கல்யாணத்துக்கு ஏன் ஓம் எண்டுறியள் எண்டதை, ஒருத்தரிட்டையும் கேக்காமல், உங்கடை சொந்த மண்டையாலை யோசிச்சு எனக்குச் சொல்லுங்கோவன்.”