அலினாஃபே நடத்திய தடுப்பூசிப் பாடம்

ஜோகன்னஸ்பர்கில் இருக்கும் என் மூத்த மகன் உலேமுவுக்கு,

சோம்பாவிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். நீயும் அப்படியே இருக்க ஆண்டவர் அருளட்டும். உன் தம்பி மகன் லாரி ஓட்டும் லைசென்ஸ் வாங்கிவிட்டான், முதல் தடவையிலேயே. உன் சின்னவள் யாங்கோ வகுப்பில் இரண்டாவது. முதலாவது வந்தவள் தலைமையாசிரியர் மகள், அதனால் அது கணக்கில் சேராது. உன் மூத்தவள் அலினாஃபேவுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், அறிவியல் தேர்வில், தடுப்பூசிக் கேள்விக்கு இருபதுக்கு இருபது. ஐந்தாவதோடு நின்ற நான் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். யாங்கோவின் பள்ளியில்தான் அக்காவுக்குக் கற்பித்தல் பயிற்சி. ஒன்பது வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமலிருக்கத் திங்களன்று ஊசி போடுவதாக அறிவித்தார்கள். உன் சித்தி அந்த நோயில்தான் போனாள், அதனால் நான் மாவு டின்னிலிருந்து போட்ட ஊசிகளைப் பதியும் யாங்கோவின் மருத்துவப் புத்தகத்தை எடுத்துத் துடைத்து வைத்தேன். வெள்ளியன்று கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் கலிண்டே பாடத்தைப் பார்வையிட வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், நானும் நல்ல தலைத்துணியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன், அலினாஃபே கரும்பலகையில் படம் போட்டு, உடம்பின் காவலர்களுக்கு நோயின் முகத்தை முன்கூட்டியே காட்டிக் கொடுப்பதுதான் தடுப்பூசி என்று அவரே தலையாட்டும்படி சொல்லி முடித்து, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்க, யாங்கோ எழுந்தாள்.

"மேடம், அவ்வளவு நல்லதுன்னா, திங்கக்கிழமை காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கோன்னு எங்கிட்ட ஏன் சொன்னீங்க?"

கலிண்டே பேனாவை மூடினார். "பதில் சொல்லும்மா. எனக்கும் தெரியணும்."

"நான் எழுதுனதெல்லாம் நெசம்தான் சார். ஆனா ஊசி போட்டா பின்னாடி பிள்ளை பிறக்காதுங்கிறாங்க. எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி."

"யாரு சொல்றாங்க?"

"எல்லாரும்."

"எம்பொண்ணுக்குப் போட்டுப் பன்னெண்டு வருஷமாச்சு. போன மாசம் ரெட்டைப் பிள்ளை பெத்தா. அதுங்க போடற சத்தத்துல நான் தூங்கியே ஒரு மாசமாச்சு."

'பாடம் நன்று. ஆசிரியர் நம்பவில்லை. மறுபடி வருவேன்' என்று எழுதிவிட்டுப் போனார்.

திங்களன்று அலினாஃபேயே தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். சின்னவள் இமைக்கக்கூட இல்லை; பெரியவள் அழுத அழுகையில் நர்ஸ், "உங்க ரெண்டு பேர்ல யாருக்கும்மா ஊசி?" என்று கேட்டாள். நேற்று கலிண்டே மறுபடி வந்தார், அலினாஃபே பயிற்சியில் தேறிவிட்டாள்.

பயமில்லாத பிள்ளைகளாக இவர்களை வளர்த்தவள் என்ற பெருமையோடு உன்னை ஆசீர்வதிக்கிறேன். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்.

உன் அம்மா,
எஸ்நாத்

பி.கு.: ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற பேச்சை முதலில் யார் சொன்னது என்று அலினாஃபே இன்னும் யோசிக்கிறாள். குழாயடியில் அதைக் கேட்டு வந்து வீட்டில் சொல்லி, அவளுக்கு ஒன்பது வயதிருக்கையில் காய்ச்சல் என்று பாயில் படுக்கவைத்தவள் நான்தான். உன் சித்தி அப்போது நன்றாக இருந்தாள். நிஜமாகவே காய்ச்சல் அடித்ததாகத்தான் பிள்ளை இன்றுவரை நம்புகிறாள். அவளுடைய மருத்துவப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் காலி. இப்போதும் போடலாம் என்று நர்ஸ் சொன்னாள். அதற்கு நான் முதலில் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உன்னுடைய புதுப் புகைப்படம் ஒன்று தபாலில் அனுப்பு. சொல்லும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் தேவலை.