நாத்தனார் முடிச்சும் நூற்று எண்பத்திரண்டு நாளும்

நேராகவே சொல்லிவிடுகிறேன். என் தம்பி கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சை நான் போடவில்லை. கேட்கிறவர்களிடம் ஏழு வருடமாக ‘ஃப்ளைட் லேட்’ என்று சொல்லி வருகிறேன். ஃப்ளைட் இரண்டரை மணி நேரம்தான் லேட். மீதி எல்லாம் என் திமிர்.

எங்கள் பாகூர்ப் பக்கம் தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மீதி இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ, அதாவது பெண்ணுக்கு நாத்தனார், பின்னால் நின்று போடுவாள். அவளுக்குப் பெண் வீட்டார் ஒரு பட்டுப்புடவை எடுத்து வைப்பார்கள். தம்பி குமரனுக்கு நான் ஒரே அக்கா. போட்டிக்கு ஆளே இல்லாத பதவி. அதையும் கோட்டை விட்டேன் என்றால் என் அறிவை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

நான் மஸ்கட்டில் நர்ஸ். அந்த வருடம் பழைய ஆஸ்பத்திரியில் ஒப்பந்தம் முடிந்து ஜனவரி எட்டாம் தேதி ஊருக்கு வந்தேன். புது ஆஸ்பத்திரியின் விசா இதோ அதோ என்று இழுத்து, ஜூலை பன்னிரண்டாம் தேதிக்குத்தான் டிக்கெட் வந்தது. ஆறு மாதம் சம்பளம் இல்லை. வீடு கட்டிய கடன் தலைமேல். இனி வரப்போகிற சம்பளம்தான் எல்லாவற்றுக்கும்.

அந்தச் சம்பளத்துக்குத்தான் ஆபத்து என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மஸ்கட் ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பிடும்போது, என்னோடு வேலை பார்த்த ஒருத்தி சொல்லியிருந்தாள்: வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம்மவர்கள் ஒரு வருடத்தில் நூற்று எண்பத்திரண்டு நாள் இந்தியாவில் இருந்துவிட்டால், அங்கே வாங்கும் சம்பளத்துக்கும் இங்கே வரி கட்ட வேண்டும். நூற்று எண்பத்தொன்றோடு கிளம்பிவிட்டால் தொல்லை இல்லை. வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். (அவள் சொன்னது அத்தனையும் சரி. அதைக் கேட்ட மண்டைதான் சரியில்லை.)

உரக்கடைக்காரர் கொடுத்த நாள்காட்டியில் தினமும் ஒரு நம்பர் எழுதி வந்தேன். கல்யாணம் வைகாசியில் நடந்திருந்தால் பிரச்சினையே இல்லை. பெண் வீட்டில் ஒரு சாவு, தீட்டு. ஆடியில் வைக்க முடியாது என்று ஆனிக் கடைசியில், ஜூலை பத்தாம் தேதி, முகூர்த்தம் குறித்தார்கள். நாள்காட்டியைப் புரட்டினேன். கல்யாணத்தன்று நூற்று எண்பத்து நான்கு. மஸ்கட் ஏறும் அன்று நூற்று எண்பத்தாறு.

யாரையாவது கேட்டிருக்கலாம். பெண்ணின் தாய்மாமன் வில்லியனூரில் ஆடிட்டர். நிச்சயத்தன்றே என்னிடம் சொன்னார்: “வரி விஷயம் எதுனா இருந்தா ஆபீஸ் வாம்மா. ஐநூறு ரூபா ஃபீஸு. சொந்தக்காரங்களுக்கும் அதே ரேட்டுதான்.”

எனக்கு வந்ததே கோபம். சம்பந்தி வீட்டு மனுஷன், என்னிடமே ஐநூறு ரூபாயா? ஊசி போடுகிற எனக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியாதா? போகவில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நாட்டைவிட்டு வெளியே போய் ஐந்து நாளைக் குறைத்துவிட்டு வருவது. பக்கத்தில் இருப்பது கொழும்பு. மஸ்கட்டில் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தியின் வீடு அங்கே இருந்தது.

அம்மா கையில் மஞ்சளோடு நின்றாள்.

“இன்னாடி சொல்ற? ஊரே நம்ம வூட்டுக்கு வந்துக்கினு இருக்குது, நீ ஊரை வுட்டுப் போறேன்ற?”

“இங்க இருந்தா நாள் ஏறுதும்மா.”

“நாள் ஏறாம இன்னா பண்ணும்? அது இன்னா பால்காரன் ஊத்துற பாலா, ஒரு வாரம் வேணாம்னு நிறுத்தி வைக்க?”

“உனக்குப் புரியாது. ஒன்பதாம் தேதி ராத்திரி வந்துடுவேன்.”

“வராத போ. முடிச்ச கோமதி போடட்டும்.”

கோமதி என் பெரியப்பா மகள். பத்தாம் வகுப்பில் என் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துப் போனவள். திருப்பித் தரவில்லை, எங்களுக்குள் பேச்சுவார்த்தையும் இல்லை. அவள் பேரைக் கேட்டதும் எனக்குச் சூடு ஏறியது. “கோமதியா? அவளுக்கு ஷூ லேஸே முடியத் தெரியாது” என்று சொல்லிவிட்டு ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறினேன். மூன்றாம் தேதி.

கொழும்பில் ஐந்து நாள் நான் செய்த ஒரே வேலை, இடியாப்பம் தின்றுவிட்டுப் போனில் என் தம்பி கல்யாணத்தைப் பார்த்தது. பந்தக்கால் நட்டதைப் பார்த்தேன். நலங்கு பார்த்தேன். எல்லா வீடியோவிலும் கோமதி நடுவில் நின்றாள். தோழியின் அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “ஏன் பிள்ளை, வீட்டில ஏதும் சண்டையோ?”

“இல்லம்மா, வருமான வரி.”

அவர் என் தட்டில் இன்னும் இரண்டு இடியாப்பம் வைத்தார்.

இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. ஒன்பதாம் தேதி இரவு ஒன்பது மணிக்குச் சென்னையில் இறங்கும் டிக்கெட் என்னிடம் இருந்தது. அதில் வந்திருந்தால் நாள் சரியாக நூற்று எண்பத்தொன்று, முடிச்சும் என்னுடையது. ஆனால் எட்டாம் தேதி எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. பன்னிரண்டு மணி தாண்டி இறங்கினால் ஒன்பதாம் தேதியும் கணக்கில் வராதே! ஒரு நாள் மிச்சம் கையில் இருக்குமே! கூடுதல் பணம் கட்டி, நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டு இருபதுக்கு இறங்கும் ஃப்ளைட்டுக்கு மாற்றினேன். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. சென்னையிலிருந்து பாகூருக்கு மூன்றரை மணி நேரம். தாராளம். (என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு ஐஸ்கிரீமும் சாப்பிட்டேன்.)

அந்த ஃப்ளைட்தான் இரண்டரை மணி நேரம் லேட்.

கார் மரக்காணம் தாண்டும்போது விடிந்துவிட்டது. தம்பி மணவறையிலிருந்து போன் செய்தான். பின்னால் மேளம்.

“அக்கா, எங்கக்கா கீற?”

“மரக்காணம்டா. ஐயரைக் கொஞ்சம் இழுக்கச் சொல்லு.”

“அவரு ஏற்கெனவே ரெண்டு தடவ இழுத்துட்டாருக்கா. அடுத்த கல்யாணத்துக்குப் போவணுமாம்.”

அம்மா போனைப் பிடுங்கினாள். நான் அவசரத்தில், “வீடியோ கால் போடும்மா, நான் பார்த்துக்கினே…” என்றேன்.

“பார்த்துக்கினே இன்னாடி பண்ணுவ? போன் வழியா கைய வுட்டு முடிச்சு போடுவியா? வையிடி போன!”

மண்டபத்துக்குள் நான் நுழைந்தபோது எட்டே கால். வாசலில் கோமதி பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தோளில் மாம்பழக் கலர் பட்டுப்புடவை மடித்துக் கிடந்தது. என் புடவை. என் தலையில் கொஞ்சம் அதிகமாகவே பன்னீரைத் தெளித்துவிட்டு, பதினைந்து வருடத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

“வாங்க வாங்க. பொண்ணு வூடா, மாப்ள வூடா?”

தம்பியிடம் போனேன். கழுத்தில் மாலையோடு என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். “சாப்டியாக்கா?” என்று மட்டும் கேட்டான்.

பந்தியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் ஆடிட்டர் மாமா. எல்லாரும் என்னை முறைக்கிறார்கள். இவராவது என் தியாகத்தைப் புரிந்துகொள்வார் என்று முழுக்கதையையும் சொன்னேன். கேன்டீன், நாள்காட்டி, கொழும்பு, நள்ளிரவு டிக்கெட். அவர் ரசம் பிசைந்துகொண்டே கேட்டார்.

“எல்லாம் சரிம்மா. எந்தத் தேதியிலேர்ந்து எண்ணுன?”

“ஜனவரி எட்டு. வந்து இறங்குன நாள்லேர்ந்து.”

பிசைந்த கை நின்றது.

“வருமான வரிக்கு வருஷம் ஏப்ரல் ஒண்ணாந்தேதிதாம்மா பொறக்குது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு மூணும் போன வருஷத்துக் கணக்கு. போன வருஷம் மீதி நாளு எங்க இருந்த?”

“மஸ்கட்டுல.”

“அப்ப அதுலயும் ஒண்ணும் இல்ல.” இடது கையால் போனை எடுத்து எண்ணிப் பார்த்தார். “கொழும்பே போவாம இங்கயே உக்காந்திருந்தாலும், மஸ்கட் ஏர்ற அன்னிக்கு நூத்திமூணு நாளுதான் ஆயிருக்கும். இன்னும் எழுபத்தெட்டு நாளு பாக்கி. வீராம்பட்டினம் தேரு பார்த்துட்டு, புள்ளையார் சதுர்த்திக்கு கொழுக்கட்டையும் தின்னுட்டுப் போயிருக்கலாமே?”

சொல்லி முடிக்கும்போதே சிரிப்பு வந்து, ரசம் மூக்கில் ஏறி, நான்தான் முதுகில் தட்டிவிட்டேன். நர்ஸாயிற்றே. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். மூச்சு திரும்பியதும் அவர் சொன்னார்: “ஆபீஸ்ல வந்து கேட்டா ஐநூறு. பந்தியில கேட்டாலும் அதே ரேட்டுதான்.” கொடுத்தேன். ஐநூறை மிச்சம் பிடிக்க, போக வர விமான டிக்கெட், மாற்றின கட்டணம், வாடகைக் கார் எல்லாம் கொடுத்த பிறகு, அதையும் கொடுத்தேன்.

கை கழுவுவதற்குள் கதை சமையல்கட்டு வரைக்கும் போய்விட்டது. பரிமாறுகிறவன் பாயசத்தோடு வந்து, “ஏப்ரல்லேர்ந்து ஊத்தவா, ஜனவரிலேர்ந்து ஊத்தவா?” என்றான்.

தம்பிக்கும் அவன் மனைவிக்கும் சண்டை வந்தால் அவள் இப்போதும் சொல்கிறாள்: “ஷூ லேஸ் முடியத் தெரியாதவங்க போட்ட முடிச்சு, அதான் இப்புடி கீது.” நான் அம்மாவிடம் சொன்னதை யார் அவளிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கோமதி எங்கள் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் அந்த மாம்பழக் கலர் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வருகிறாள். வேறு புடவை இல்லாமலா? என் வயிறு எரியத்தான்.

இப்போது எங்கள் வீட்டில் காதுகுத்து, வளைகாப்பு, எது வைத்தாலும் ஜோசியரிடம் நாள் குறித்துவிட்டு ஆடிட்டர் மாமாவிடம் காட்டுகிறார்கள், எனக்கு ஒத்துவருமா என்று. ஒவ்வொரு தடவையும் ஐநூறு ரூபாய், என் கணக்கில். ஏப்ரல் முதல் தேதி விடிந்தால் மஸ்கட்டில் என் போன் கதறும். முதலில் தம்பி, “ஹேப்பி நியூ இயர்க்கா!” அப்புறம் வீடே வரிசையாக. கோமதி மட்டும் ஒரு கேக் படமும் சேர்த்து அனுப்புவாள்.

ஜனவரி முதல் தேதிக்கு யாரும் எனக்கு வாழ்த்து அனுப்புவதில்லை. அனுப்பினால் நான் மறுபடி எண்ண ஆரம்பித்துவிடுவேனாம்.