டூலிப்பைக் கிள்ளிய கை

பயந்தவன் கை சும்மா இருக்காது. எதையாவது சரிசெய்கிறேன் என்று கிளம்பி, இருப்பதையும் கெடுத்துவிட்டுத்தான் ஓயும். சந்தேகம் இருந்தால் வளைகுடாப் பக்கம் அஜ்மானில் எங்கள் கஃபீல் (விசா தந்த அரபு முதலாளியை அப்படித்தான் சொல்வோம்) வீட்டுத் தோட்டத்தைக் கேளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அந்த வீட்டில் நான்தான் தோட்டக்காரன். நிலக்கோட்டைப் பக்கம் செவ்வந்தி போட்ட குடும்பம். பூவைப் பற்றி எனக்குத் தெரியாதது கிடையாது என்கிற திமிர் வேறு. கஃபீலின் மனைவி, நாங்கள் மேடம் என்போம், வெளிநாடு போய்த் திரும்பும்போது ஒரு பை நிறைய டூலிப் கிழங்கு கொண்டுவந்தார். பார்ப்பதற்கு வெங்காயம்தான். குளிர் பட்டால்தான் பூக்குமாம். வாரக்கணக்கில் பிரிட்ஜில் வைத்தோம்.

"என் ரூம்ல ஏசி ஓடல, வெங்காயத்துக்கு பிரிட்ஜ் கேக்குதோ!" என்று சமையல்காரர் காதர் பாய் தினமும் புலம்புவார்.

குளிர்காலம் வந்ததும் நட்டேன். எனக்கோ ஊரில் மாசி மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பாஸ்போர்ட் கஃபீலிடம். லீவு கேட்டதற்கு மேடம், "முதல்ல பூ பூக்கட்டும். என் தங்கச்சிங்க வந்து பார்க்கணும். அப்புறம் நீ போ" என்றார். (அவர் பேசிய ஹிந்தியைத் தமிழாக்கிவிட்டேன். அதட்டலைத் தமிழாக்க முடியவில்லை.)

ஆக, டூலிப் பூத்தால் கல்யாணம். இல்லாவிட்டால் பெண் வேறு வீட்டுக்கு.

இலை வந்தது. சந்தோஷப்பட்டேன். ஆனால் செடி சாண் உயரம்கூட எழும்பவில்லை, அதற்குள் இலை நடுவே மொட்டு எட்டிப் பார்த்தது. டிவியில் பார்த்த டூலிப் எல்லாம் முழங்கால் உயரம் நின்றதே! வளராமல் மொட்டு வைக்கும் செடியை எங்கள் ஊரில் நோஞ்சான் என்பார்கள்; வளர்த்தவனைத்தான் திட்டுவார்கள். தங்கச்சிகள் சிரிப்பது, மேடம் முறைப்பது, விசா கேன்சலாவது, பெண் வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்புவது என எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. சோறு இறங்கவில்லை.

செவ்வந்தியில் இதற்கு வைத்தியம் உண்டு. முதல் மொட்டைக் கிள்ளிவிட்டால் செடி கிளைத்து, கொத்துக் கொத்தாகப் பூக்கும். விடிந்ததும் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தேன்.

"மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யேன்ப்பா" என்றார் காதர் பாய்.

"நீங்க பிரியாணியைப் பாருங்க பாய். பூவை எனக்குச் சொல்லித் தராதீங்க."

ஒன்று விடாமல் கிள்ளினேன்.

முந்தின நாள் மொட்டைப் பார்த்த மேடம், என்னிடம் சொல்லாமலே தங்கச்சிகளை அழைத்திருக்கிறார். சாயங்காலம் எல்லாரும் தோட்டத்துக்கு வந்தார்கள்.

"ஃபூல் கிதர்?" என்றார் மேடம். (பூ எங்கேடா என்று அர்த்தம். அந்த 'டா' அவர் கண்ணில் இருந்தது.)

"கிள்ளிட்டேன் மேடம். இனிமே நல்லா உயரமா வளரும்" என்றேன் பெருமையாக.

மேடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "இது குட்டை ரகம். சீக்கிரமே பூக்கிற ரகம். இவ்வளவுதான் வளரும். ஒரு கிழங்குக்கு ஒரே பூ."

அட கடவுளே! சத்தம் கேட்டுக் கஃபீலும் வந்துவிட்டார்.

"ஒண்ணாவது மிச்சமிருக்கா?"

"மாஃபி, அர்பாப்." (இல்லை, முதலாளி என்று அர்த்தம்.) குரலும் மாஃபியாகிவிட்டது.

"கலாஸ், முடிஞ்சுது! இவனை நாளைக்கே ஊருக்கு அனுப்புங்க!" என்று மேடம் கத்தினார்.

மறுநாள் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கைக்கு வந்தன. இது லீவா, கேன்சலா? கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. விமானம் ஏறும்வரை கேட்கவில்லை, வீட்டில் சொல்லவுமில்லை. தாலி கட்டும்போது எனக்கு முடிச்சு விழவே இல்லை; மூன்றையும் என் அக்காதான் போட்டாள். மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்றார்கள். கல்யாணம் முடிந்த வாரம் காதர் பாய் போன் செய்தார். "எப்போ வர்றேன்னு அர்பாப் கேக்குறாங்க. கார் கழுவ ஆள் இல்லையாம். செடிப் பக்கம் மட்டும் நீ போகக் கூடாதாம்." அப்போதுதான் என் மனைவியின் முகத்தை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தேன். கதையையும் சொன்னேன். அது தப்பு.

இப்போது என் மகள் பள்ளி வாலிபால் டீமில் விளையாடுகிறாள். ஆள் குட்டை. போன வாரம்கூட அஜ்மானிலிருந்து வீடியோ காலில், "கம்பியில தொங்கும்மா, உயரமாவ" என்று கவலையோடு சொன்னேன்.

பின்னாலிருந்து அவள் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. மகள் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: "நான் இந்த ரகம்தான்ப்பா. பயந்துபோய்க் கிள்ளிடாதீங்க."