ஓடியது கிறிஸ்துமஸ் தாத்தாதான்

இலஞ்சி,
டிசம்பர் 27

கர்த்தருக்குள் பிரியமான நாத்தனார் எப்சிபாவுக்கு, மைனி தங்கபுஷ்பம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. அவர் கிருபையால் இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். உன் சுகத்துக்கும் தினம் ஜெபிக்கிறேன். நீ அனுப்பிய மூட்டுவலித் தைலம் வந்து சேர்ந்தது.

"அண்ணனுக்கு எழுபத்திரண்டாச்சு, இனியாவது சும்மா இருக்கச் சொல்லுங்க மைனி" என்று போனில் சொன்னாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். கேரல் பவனியில் முப்பத்தோரு வருஷமாக அவர்தானே கிறிஸ்துமஸ் தாத்தா. சபைச் செயலாளர் ஞானதுரையும் உன்னை மாதிரியே, "அண்ணாச்சி, ஒங்களுக்கு வயசாயிட்டு. ஒரு வருசம் விட்டாலும் அங்கி வேற ஆளுக்குப் போயிரும், பாத்துக்கிடுங்க" என்றார். "கல்லறைக்குப் போகும்போது குடுக்கேன், அதுவரைக்கும் அந்தப் பேச்சே எடுக்கப்பிடாது" என்று இவர் சொல்லிவிட்டார்.

பவனி அன்று பகலில் குற்றாலம் கடைத்தெருவில் தாத்தா முகமூடியும் சிவப்பு அங்கியுமாக முட்டாய் மூட்டையோடு ஆடிக்கொண்டு வருகிறார், நானூற்றிருபது முட்டாய், நானே எண்ணிக் கட்டியது, மூட்டையில் என்ன இருக்கிறதென்று குற்றாலத்துக் குரங்குக்குச் சொல்லவா வேண்டும், ஒன்று தோளில் ஏறிப் பஞ்சுத் தாடியைப் பிய்த்தது, பின்னாலேயே எட்டுப் பத்து இறங்கின, கேரல்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டுச் சிதறினார்கள், தாத்தா அங்கியைச் சேலை மாதிரித் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று ஓடின ஓட்டம் இருக்கிறதே, ஒரு பர்லாங்கு இருக்கும் (இரண்டு என்று போடச் சொல்கிறார்), குளித்துவிட்டு வந்த ஐயப்பசாமிமார் ஈர வேட்டியோடு நின்று, "மூட்டையப் போட்டுட்டு ஓடுங்க சாமி!" என்று கத்தினார்கள், மூட்டையை விட்டால்தானே! கடைசியில் சிப்ஸ் கடை அப்துல் ஜப்பார்தான் உள்ளே இழுத்து ஷட்டரைப் போட்டார். குரங்குகளுக்குப் போனது முப்பத்தெட்டுதான். மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தாத்தா வீடு திரும்பினார். "தாத்தா கொரலு என்ன கீச்சுனு இருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, "பயந்துட்டாவ" என்றார் ஞானதுரை. சளி என்று எழுதச் சொல்கிறார் இவர்.

அடுத்த வருஷமும் அண்ணாச்சிதான் தாத்தா என்று கமிட்டியில் கைதட்டி முடிவு செய்துவிட்டார்கள். இந்த வயசில் இப்படி ஓட யாரால் முடியும், நீயே சொல்.

புது வருஷத்தில் உன்னையும் உன் வீட்டாரையும் கர்த்தர் தம் சிறகுக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

மைனி,
தங்கபுஷ்பம்

பின்குறிப்பு: இதைத் தென்காசித் தபாலாபீசில் நின்று எழுதுகிறேன். மேலே உள்ளதை உன் அண்ணன் வரி வரியாக வாசித்துத் திருத்தினார். இதை வாசிக்க மாட்டார். பவனி அன்று முட்டி வீங்கி அவர் கட்டிலைவிட்டே இறங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் முறிந்துவிடக் கூடாதே என்று அங்கியை மாட்டிக்கொண்டு ஓடினது நான். ஜப்பார் மட்டும் என் வளையலைப் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்கு டீயில சீனி போடலாமாக்கா?" என்றார். நான் பொய் எழுதவில்லை. திரும்ப வாசித்துப் பார், தாத்தா ஓடினார் என்றுதான் இருக்கும், உன் அண்ணன் ஓடினார் என்று ஓரிடத்திலும் இருக்காது. ஆனாலும் எப்சிபா, அந்த அங்கிக்குள் என்ன வேக்காடு! முகமூடிக்குள் மூச்சே விட முடியவில்லை. அதற்குள் இருந்துகொண்டு முப்பத்தோரு வருஷம் ஆடியிருக்கிறாரே மனுஷர்! எல்லாரும் கைதட்டினார்கள் என்று வந்து சொன்னதும், வீங்கின காலே போர்வைக்குள் தாளம் போட்டது. ஞானதுரைக்குத் தெரிய வேண்டாம். தைலம் இன்னும் ஒரு பாட்டில் அனுப்பு. இந்தத் தடவை எனக்கு.